ஆம் எனில் ஒன்றை அழுத்தவும்

வோய் பேருந்து நிலையத்தில், டயர்க் கடைக்குப் பக்கத்தில்
பச்சை பெயின்ட் அடித்த தகரப் பெட்டி என்னுடையது.
உள்ளே ஒரு ஸ்டூல், இரண்டு போன், ஒரு பேரேடு, நான்.
நைரோபி ரயில் போகும்போது நாலும் நடுங்கும்.

இந்தக் கம்பிவலை வழியாகப் போகாதது எதுவுமில்லை.
போன வாரம் பரிச ஆடுகள் ஆறு
டவேட்டாவுக்குப் போயின.
கத்தவில்லை, புழுக்கை போடவில்லை,
குறுஞ்செய்தியாக நடந்து போயின.
பெண்வீட்டார் அங்கே
ஆறு முறை டிங் கேட்டு எழுந்து நின்றார்களாம்.
சாவு வீட்டு வசூலும் அப்படித்தான்.
முன்பு கூடையைச் சுற்றில் விடுவார்கள்,
யார் எவ்வளவு போட்டார் என்பது கூடைக்கு மட்டும் தெரியும்.
இப்போது பட்டியல் குழுவில் வந்துவிடுகிறது,
ஐம்பது போட்டவன் பெயருக்குக் கீழே
ஐயாயிரம் போட்டவன் பெயர்.
ஐம்பது போட்டவன் இப்போதெல்லாம் சாவுக்கே வருவதில்லை.

குறை சொல்லவில்லை. கமிஷனில்தான் சாப்பிடுகிறேன்.

வவூடா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
சிசல் தோட்டத்தில் கூலி, முழங்கை வரை கீறல்.
போனை வலைக்குள் தள்ளி,
"பெயர் தப்பாக வருகிறது, திருத்திக் கொடு" என்றாள்.
யார் பெயர்?
"ம்வாக்கியோ பெயர்."

ம்வாக்கியோவை எனக்குத் தெரியும்.
சிமென்ட் லாரி, மாரியாக்கனி வளைவு, பதினான்கு மாதம்.
வசூல் பட்டியலில் என் பெயர் நடுவில் எங்கோ இருந்தது.

அவள் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது.
ராத்திரி பிள்ளைகள் தூங்கியபின்
அவன் எண்ணுக்குப் பத்து ஷில்லிங் அனுப்பப் பார்ப்பாள்.
ரகசிய எண்ணைப் போட்டதும் திரை கேட்கும்:
ம்வாக்கியோ ஞாம்புவுக்கு அனுப்பவா?
ஆம் எனில் ஒன்று, இல்லை எனில் இரண்டு.
எழுத்துக்கூட்டிப் படிப்பாள்.
கேள்வி தானாக அணையும்வரை
பதில் சொல்ல மாட்டாள்.
"சிலுவையில் பெயின்ட் போய்விட்டது.
வாக்காளர் பட்டியலில் அடித்துவிட்டார்கள்.
இதில் மட்டும்தான் அவன் இன்னும்
வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான்."

நேற்று அந்த இடத்தில்:
எகிரு லோக்வாங்.

உபயோகிக்காத எண்ணைக் கம்பெனி
கொஞ்ச நாள் ஆறப்போட்டு
வேறு ஆளுக்கு விற்றுவிடும்.
இதைச் சொல்லி முடிக்க
மூன்று வாடிக்கையாளர் நேரம் பிடித்தது எனக்கு.
வரிசையை மறைத்துக்கொண்டு நின்றாள்.
பிறகு என் கண் முன்னால், முதல் தடவையாக,
ஒன்றை அழுத்தினாள்.

பத்து ஷில்லிங் போயிற்று. கட்டணம் இல்லை.

அரைமணி கழித்து, டயர்கள் மேல் உட்கார்ந்திருந்தவளின்
போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.
துர்கானாப் பக்கத்துப் பையன், தட்டுத்தடுமாறிய சுவாஹிலி:
"வவூடா ஞாம்பு என்று வந்திருக்கிறது.
ம்வாக்கியோவின் வீடா?"

சிம் வாங்கிய மறுநாளிலிருந்தே அழைப்புகளாம்.
கடன் செயலி வாரம் மூன்று முறை மிரட்டுகிறது.
மலாபாவில் ஒருவன் ஸ்டெப்னி டயருக்குக் காசு கேட்கிறான்.
மாரியாக்கனியில் ஒரு பாடகர் குழு,
ஞாயிறு ஒத்திகைக்கு ஏன் வருவதில்லை என்று.
"அவர் என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது, அம்மா.
வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லிவந்தேன்."

பாடகர் குழுவா?
வீட்டில் அவன் ஒரு நாளும் பாடியதில்லை என்றாள்,
என்னிடமா அவனிடமா தெரியவில்லை.
என்ன குரல் என்று சொன்னார்களா?
"கீழ்க்குரல் என்றார்கள். கீழ்க்குரலுக்கு வேறு ஆளில்லையாம்."

மடாட்டு ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது.
அது போகும்வரை மூவரும் பேசவில்லை.

"பாட்டுக்காரர்கள் கூப்பிட்டால்
வெளியூரில்தான் இருக்கிறான் என்றே சொல்."

பையன் தயங்கினான்.
கடன்காரர்களுக்கும் அதையேவா?

"அவர்களிடம் செத்துவிட்டான் என்று சொல்."